டெரிக் மோஸாப் பட்டியலில் 217

இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில் உள்ள ஒர்க்கிங்டன் ஊரில் டெரிக் மோஸாப்பைத் தெரியாதவர்கள் நிறைய உண்டு. ஆனால் பிரிட்டன் முழுக்கச் சிதறிக் கிடந்த முந்நூற்றுச் சொச்சம் பேருக்கு அவர் சொன்னால் சொன்னதுதான். அமெரிக்காவில் எடுத்து, இங்கே ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்திலும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்திலும் போட்டுத் தீர்த்து, அப்புறம் ஊரே மறந்துபோன சிரிப்புத் தொடர்கள் இருக்கின்றனவே, அவற்றுக்கெல்லாம் அவர்தான் பட்டியல் வைத்திருந்தார். எந்தத் தொடர், எந்த வருஷம், என்ன கிழமை, எத்தனை மணி, எத்தனை வாரம் போட்டுவிட்டுப் பாதியில் நிறுத்தினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். தட்டச்சு செய்து, நகலெடுத்து, ஓரத்தில் இரண்டு கம்பி அடித்துத் தபாலில் அனுப்புவார். மேலட்டையில் பெரிய பெயர் ஒன்றும் கிடையாது. 'பட்டியல்' என்று மட்டும் இருக்கும்.

அப்படி ஒரு பட்டியலுக்குத் தேவை இருந்தது. அந்தக் காலத்தில் விளம்பரக் காசில் ஓடிய சேனல் பகுதிக்கு ஒரு நிலையமாகப் பிரிந்து கிடந்தது. லங்காஷயர்க்காரன் விழுந்து விழுந்து சிரித்த தொடரைக் கம்பர்லாந்துக்காரன் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டான். இருபது வருஷம் கழித்து இரண்டு பேரும் ஒரே மதுக்கடையில் உட்கார்ந்தால் சண்டைதான்.

"கழுதை வளக்கற நீதிபதி சீரியல் ஞாபகம் இருக்கா?"

"அப்படி ஒரு சீரியலே கிடையாது. நீ குடிச்சிட்டுக் கனவு கண்டிருப்ப."

"நான் பாத்தேங்கறேன்!"

இந்தச் சண்டை கடைசியில் டெரிக்கிடம் கடிதமாக வரும். அவர் நூலகத்துக்குப் போய்ப் பழைய செய்தித்தாள்களைப் புரட்டி, தீர்ப்பு எழுதி அனுப்புவார். பஸ் கம்பெனியில் முப்பத்தெட்டு வருஷம் கால அட்டவணை போட்ட மனிதர். 4.15 என்றால் 4.15, நாலேகால் 'வாக்கில்' என்ற பேச்சே அவரிடம் இல்லை.

இரும்பாலைத் தொழிலாளி வீட்டில் பிறந்தவர் அவர். அப்பா வேலை முடிந்து கதவைத் திறந்தால் வீட்டில் பேச்சு நின்றுவிடும். அடுப்படியில் கரண்டிச் சத்தம்கூடக் கேட்காது. அமெரிக்கத் தொடரில் அப்பன்காரன் கதவைத் திறந்து 'வந்துட்டேன்' என்று கத்துவான். ஆள் உயரத்துக்கு ஒரு ஃப்ரிட்ஜ் நிற்கும். பிள்ளைகள் ஓடிவரும். முகம் தெரியாத கூட்டம் ஒன்று சிரிக்கும். பதினாலு வயது டெரிக்குக்கு அந்தச் சிரிப்புதான் முதலில் பிடித்தது. ஒரு வீட்டுக்குள் இத்தனை பேர் சிரிக்கலாமா என்று இருந்ததாம்.

1993-ல் தெற்கே ஒருவர் பளபளவென்று ஒரு புத்தகம் போட்டார். டெரிக் வாங்கிப் பார்த்தார். நூற்று நாற்பது தொடர்களின் விவரம் அவர் பட்டியலிலிருந்து வரிக்கு வரி எடுத்தது. ஓரிடத்தில் டெரிக் வியாழனுக்குப் பதில் செவ்வாய் என்று கைதவறி அடித்திருந்தார்; புத்தகத்திலும் செவ்வாய். நன்றி என்று ஒரு சொல் இல்லை.

மூன்று நாள் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நாலாம் நாள் பஸ் கம்பெனிப் பழக்கம் கைகொடுத்தது. தனியார் பஸ்காரர்கள் கம்பெனியின் அட்டவணையைக் காப்பி அடிப்பது உண்டு. அதனால் இல்லாத நிறுத்தம் ஒன்றை அட்டவணையில் சொருகி வைப்பார்கள். எவன் அட்டவணையில் அந்த நிறுத்தம் முளைக்கிறதோ அவன்தான் திருடன். டெரிக்கும் தம் பட்டியலில் அப்படி ஒரு நிறுத்தம் வைத்தார்.

எண் 217. 'பல் டாக்டரும் கலங்கரை விளக்கமும்'. நியூயார்க் பல் டாக்டர் ஒருவர் மாமியாரோடு ஒரு கலங்கரை விளக்கத்தில் குடியேறுகிறார். பதின்மூன்று வாரம். 1976 ஜனவரி முதல் மார்ச் வரை, ஞாயிறு மாலை 4.15, வடமேற்குக் கடலோரப் பகுதியில் மட்டும். நடித்தவர்கள்: டாக்டராக கார்ல் டின்னியன், மாமியாராக எட்னா பவ்னஸ். டின்னியன் ஒரு காலத்தில் மேரிபோர்ட் பஸ்ஸில் இருந்த கண்டக்டர். எட்னா டிப்போ கேண்டீனில் பை என்கிற இறைச்சிப் பண்டம் சுட்ட அம்மாள்.

தம் சொந்தப் பகுதியிலேயே வைத்ததுதான் அவர் செய்த தப்பு. வேறெங்கு வைத்தாலும் அங்கே உள்ளவன் எவனாவது 'இல்லையே' என்று எழுதுவான். இங்கே உண்டா இல்லையா என்று எல்லோரும் கேட்பது என்னைத்தானே என்று கணக்குப் போட்டார்.

திருடன் யாரும் சிக்கவில்லை. ஆனால் ஆறு மாதத்தில் டம்ஃப்ரீஸிலிருந்து ஒருவர் எழுதினார்: 'அதன் தொடக்கப் பாட்டு இன்னும் என் காதில் இருக்கிறது.' டெரிக்கும் மனைவி மியூரியலும் சமையலறை மேஜையில் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

அடுத்து வந்தது டோரீன் ஃபியரனின் கடிதம். மேரிபோர்ட், நீலமசிக் கையெழுத்து, நாலு பக்கம்.

'அன்புள்ள மிஸ்டர் மோஸாப், இந்தத் தொடரை இருபது வருஷமாகத் தேடுகிறேன். பெயர் மறந்துபோயிருந்தது. என் வீட்டுக்காரர் இறந்த குளிர்காலம் அது. என் மகன் ஆலனுக்குப் பதினேழு வயது. மூன்று மாதம் அவன் வாயே திறக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை டப்பாவில் வரும் பீச் பழமும் க்ரீமும் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்து டிவி முன்னால் உட்காரவைத்தேன். டாக்டர் செய்து வைத்த பல்செட்டை ஒரு ஆடு கவ்விக்கொண்டது. அதை வாயில் மாட்டிக்கொண்டு கேமராவைப் பார்த்து இளித்தது. ஆலன் சிரித்தான். பீச் மூக்கு வழியாக வந்துவிட்டது, அப்படிச் சிரித்தான். இரண்டு வருஷம் கழித்து மோட்டார் சைக்கிள் விபத்தில் போய்விட்டான். அந்தச் சிரிப்பு மட்டும்தான் எனக்கு மிச்சம்.'

மியூரியல் படித்தாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"இன்னிக்கே எழுதிடு, டெரிக். அப்படி ஒண்ணு இல்ல, மன்னிச்சிடுங்கன்னு."

"எழுதினா பொறி வெளிய தெரிஞ்சிடும். அந்த அம்மா நாலு பேர்கிட்ட சொல்லும்."

"பொறில எலி விழல. ஒரு அம்மா விழுந்திருக்கா."

டெரிக் எழுதவில்லை. எழுதாமல் இருந்தது மட்டும் இல்லை. அடுத்த பதிப்பின் 'வாசகர் நினைவு' பக்கத்தில் அந்தக் கடிதத்தை அப்படியே போட்டார். போடாவிட்டால் சந்தேகம் வரும் என்று தமக்கே சமாதானம் சொல்லிக்கொண்டார். நிஜம் வேறு. அத்தனை அழகான ஒரு கடிதம் அதுவரை அவருக்கு வந்ததில்லை. போடாமல் இருக்கக் கை வரவில்லை. அதற்கடுத்த பதிப்பில் 217-ன் கீழே இன்னொரு வரியும் சேர்ந்தது: 'ஆடு பல்செட்டை மாட்டிக்கொள்ளும் காட்சி பலருக்கு நினைவிருக்கும்.' டோரீனின் ஆட்டை அவர் தம் பட்டியலில் கட்டிப்போட்டார். நன்றி என்று ஒரு சொல் அவரும் எழுதவில்லை.

ஆடு ஊரெல்லாம் மேய்ந்தது. வருஷத்துக்கு இரண்டு மூன்று பேருக்காவது அது ஞாபகம் வந்தது. ஒருவருக்கு அது வெள்ளை ஆடு, இன்னொருவருக்குத் தாடி வைத்த கறுப்புக் கிடா. கிறிஸ்துமஸ்தோறும் டோரீனிடமிருந்து வாழ்த்து அட்டை வரும், 'ஏதாவது தகவல் உண்டா?' என்று ஒரு வரியோடு. 'இன்னும் இல்லை' என்று எட்டு வருஷம் பதில் எழுதினார் டெரிக். அது பொய் இல்லை என்பதுதான் அவர் நெஞ்சை அதிகமாக அறுத்தது.

2003 வசந்தத்தில் அட்டை அல்ல, கடிதமே வந்தது. டோரீனுக்கு எழுபத்தொன்பது வயது. கண் மங்கிக்கொண்டு வருகிறதாம். கார்லைல் நகரில் ஜூன் மாதம் நடக்கும் பட்டியல்காரர்கள் கூட்டத்துக்கு வரப்போகிறாளாம். கூட்டச் செயலாளர் ரோலண்ட் அவளைப் பேசச் சொல்லியிருக்கிறார். 'கண் போவதற்குள் அந்த ஆட்டை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அமெரிக்காவில் யாரிடமாவது படச்சுருள் இருக்காதா? அங்கே போயாவது பார்க்கிறேன் என்று என் தங்கை மகளிடம் சொல்லியிருக்கிறேன்.'

மியூரியல் கடிதத்தை மடித்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"பாதிக் குருடி, ஏரோப்ளேன் ஏறப்போறா. இல்லாத ஆட்டைப் பாக்க."

"தெரியுது, மியூரியல்."

"எட்டு வருஷமாத்தான் தெரியுது."

வெறுங்கையோடு போக அவருக்கு மனம் வரவில்லை. அந்தப் பையன் எதையோ பார்த்துச் சிரித்திருக்கிறான் அல்லவா? அதைக் கண்டுபிடித்து எடுத்துக்கொண்டு போனால் பாதிப் பாவமாவது குறையும் என்று நினைத்தார். ஒயிட்ஹேவன் ஆவணக்காப்பகத்தில் நாலு நாள் உட்கார்ந்தார். அந்தக் குளிர்காலத்தின் எல்லா ஞாயிறுகளையும் எல்லாச் சேனல்களையும் பார்த்தார். விவசாயச் செய்தி, பக்திப்பாட்டு, பழைய கௌபாய் படம், நாய்க் கண்காட்சி. சனிக்கிழமையும் பார்த்தார். முந்தின வருஷமும் பிந்தின வருஷமும் பார்த்தார். ஆடு எங்கேயும் இல்லை. பல் டாக்டரும் இல்லை.

வருவதாக ஒரு அட்டை போட்டுவிட்டு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை மேரிபோர்ட் பஸ் ஏறினார்.

டோரீனின் வீடு துறைமுகத்துக்கு மேலே, சரிவான தெருவில். கதவைத் திறந்தவள் அவர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் தன் முகத்தைக் கொண்டுவந்து பார்த்தாள்.

"மிஸ்டர் மோஸாப்பா? அட, நான் உயரமா இருப்பீங்கன்னு நெனச்சேன். உள்ள வா கண்ணு. தலையில இடிச்சுக்காத, அதுக்கு வேற கேஸ் போடாத."

தேநீர் வந்தது. தட்டில் இஞ்சி பிஸ்கட். அலமாரி மேல் ஒரு பையனின் படம். காதை மூடின முடி, வாயை இறுக்கி மூடின முகம்.

"போட்டோன்னா மூடிக்குவான். முன்பல் ஒண்ணு உடைஞ்சிருக்கும். அதான் அந்தப் பல் டாக்டர் கதை அவனுக்கு அப்படிப் பிடிச்சுதோ என்னவோ." டோரீன் எழுந்து நின்றாள். "ஆடு எப்படி நின்னுச்சு தெரியுமா? இதோ இப்படி." கழுத்தை நீட்டி, மேலுதட்டைச் சுருட்டி, எழுபத்தொன்பது வயதில் ஒரு ஆடு இளிக்கிற மாதிரி இளித்துக் காட்டினாள்.

டெரிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"மிஸஸ் ஃபியரன். அந்த சீரியல் இல்ல."

"தெரியும், படச்சுருள் கிடைக்கலன்னு எழுதினியே."

"படச்சுருள் இல்லன்னு சொல்லல. சீரியலே இல்ல. நான் இட்டுக்கட்டினது. என் பட்டியலைத் திருடறவனைப் பிடிக்க ஒரு பொய்ப் பேரு வச்சேன். அதுதான் இருநூத்திப் பதினேழு."

டோரீன் அவரை உற்றுப் பார்த்தாள். பிறகு பரிவோடு சிரித்தாள்.

"உனக்கு என்ன வயசு கண்ணு?"

"அறுபத்திரண்டு."

"அதான். பாத்திருப்ப, மறந்திருப்ப. பிறகு மனசுல வந்ததும் நீயே இட்டுக்கட்டினதா நெனச்சிருக்க. என் தங்கச்சிக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. டாக்டர்கிட்ட காட்டினியா?"

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அப்படியும் இருக்குமோ என்று அவருக்கே தோன்றியது. அந்த எண்ணம் எத்தனை சுகமாக இருந்ததென்றால், அதற்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளலாம் போல இருந்தது.

"இல்ல. டாக்டரா நடிச்சவன் பேரு என்னன்னு போட்டிருந்தேன்?"

"கார்ல் டின்னியன். எனக்கா தெரியாது?"

"உங்க ஊர் பஸ் கண்டக்டர் பேரு என்ன? அறுபதுகள்ல. சீட்டி அடிச்சுக்கிட்டே டிக்கெட் கிழிப்பாரே."

டோரீன் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அப்படியே நின்றாள். பிறகு மெதுவாக நாற்காலியைக் கையால் தடவி, உட்கார்ந்தாள்.

"டின்னியன்," என்றாள்.

"மாமியார் எங்க கேண்டீன்ல வேலை செஞ்ச அம்மா."

கீழே துறைமுகத்தில் யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். டோரீன் அலமாரிப் பக்கம் திரும்பினாள். அந்தத் தூரத்தில் படம் அவளுக்குத் தெரிந்திருக்காது.

"அப்போ என் பையன் எதைப் பாத்து சிரிச்சான்?"

டெரிக் பையிலிருந்து தாள்களை எடுத்தார். ஞாயிறு வாரியாக, மணி வாரியாக, சுத்தமாகத் தட்டச்சு செய்திருந்தார். வாசித்துக் காட்டத் தொடங்கினார். விவசாயச் செய்தி. பக்திப்பாட்டு. மூன்றாவது ஞாயிற்றில் அவள் கையை உயர்த்தினாள்.

"போதும். நாய்க் கண்காட்சி பாத்து சிரிக்கிற பையன் இல்ல அவன்."

"கண்டுபிடிக்க முடியல. நாலு நாள் தேடினேன்."

"நாலு நாள்." அவள் குரல் உயரவே இல்லை. "ஆடு நான் சொன்னதா, நீ சொன்னதா?"

"நீங்க சொன்னது. முதல் கடிதத்துல. நான் டாக்டரும் கலங்கரை விளக்கமும் மட்டும்தான்..."

"அப்ப ஆட்டை நான் எங்கேயோ பாத்திருக்கணும். இல்ல, உன் பட்டியலைப் படிச்சிட்டு நானே உண்டாக்கியிருக்கணும். எது? உனக்குத் தெரியுமா?"

"தெரியல."

"எனக்கும் தெரியல. நேத்து வரைக்கும் தெரிஞ்சுது. பீச் மூக்குல வந்தது நிஜம். அந்தச் சட்டையை நான்தான் துவைச்சேன். ஆனா இனிமே அவன் சிரிக்கும்போது எதிர்ல டிவில ஒண்ணுமே இருக்காது. வெறும் கண்ணாடி. எனக்கு அதை எடுத்துட்டியே."

டெரிக் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டிருந்தார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியம் ஒன்று அவரிடம் இருந்தது. அதைச் சொன்னார்.

"கூட்டத்துல எல்லார் முன்னாடியும் ஒத்துக்கறேன். அடுத்த பதிப்புல அடிச்சிடறேன். தப்பு என்னோடதுன்னு அச்சுலயே போடறேன்."

"போடுவ. போட்டா உனக்கு லேசாயிடும்." அவள் முன்னால் குனிந்தாள். "எனக்கு? எட்டு வருஷமா இந்தத் தெருவுல, சர்ச்சுல, முடி வெட்டற கடையில ஆட்டுக் கதை சொல்லியிருக்கேன். முந்நூறு பேரு படிச்சிருக்காங்க. நாளைக்கு டோரீன் ஃபியரன் யாரு? இல்லாத சீரியலைப் பாத்த கிழவி. செத்த பையன் பேர்ல கதை விட்டவ. உன்னைத் திட்டிட்டு மறந்திடுவாங்க. என்னைப் பாத்துப் பரிதாபப்படுவாங்க."

"அப்படி இல்ல, மிஸஸ் ஃபியரன்..."

"அடிக்காதே. யார்கிட்டயும் சொல்லாதே. உன் பொண்டாட்டிக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அவளோட நிக்கட்டும். ஜூன்ல நான் வருவேன். வர்றேன்னு சொல்லிட்டேன், வருவேன். அமெரிக்காவுக்குப் போக மாட்டேன், கண்ணு சரியில்லன்னு சொல்லிக்கறேன். நீயும் வரணும். உடம்பு சரியில்லன்னு படுத்துக்காதே."

வாசல் வரை வந்து, இஞ்சி பிஸ்கட் மிச்சத்தைக் காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்தாள். பழக்கத்தில் கொடுத்துவிட்டாள் போலும். கொடுத்த பிறகு அவள் முகம் மாறியது. ஆனால் திருப்பிக் கேட்கவில்லை.

வீட்டில் மியூரியல் கேட்டாள்: "சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"மன்னிச்சாளா?"

"இல்ல."

"அது அவ பாடு. நீ சொல்லிட்டல்ல."

மியூரியலுக்கு மீதியைச் சொல்ல இரண்டு நாள் ஆயிற்று. அந்த வாரமே புதிய பதிப்புக்கான தட்டச்சு வேலை இருந்தது. 216 அடித்தார். 217-ல் நின்றார். இருபத்தாறு வருஷமாகச் செய்தித்தாளில் கண்ணால் பார்க்காத ஒரு மணியை, ஒரு கிழமையை அவர் தெரிந்தே அடித்ததில்லை, இந்த ஒன்றைத் தவிர. கமாகூட மாற்றாமல் பழையபடியே அடித்து முடித்தார்.

கூட்டம் கார்லைல் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு ஓட்டலின் மாடியில் நடந்தது. முப்பத்திரண்டு பேர். முட்டை சாண்ட்விச், சாசேஜ் ரோல், பெரிய பாத்திரத்தில் தேநீர். டோரீன் ஊதாநிறச் சட்டையில் தங்கை மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். டெரிக் முதல் வரிசையில் அவளிடமிருந்து ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார்.

அவள் பேசினாள். டப்பா பீச்சைச் சொன்னாள், ஆட்டைச் சொன்னாள். எழுந்து நின்று கழுத்தை நீட்டி இளித்தாள். கூட்டம் மேஜையைத் தட்டிச் சிரித்தது. டம்ஃப்ரீஸ்காரர் தொடக்கப் பாட்டை முனகிக் காட்டினார். பின்வரிசையில் இரண்டு பேர் கூடவே முனகினார்கள். கடைசியில் ஆலனைச் சொன்னாள். 'சிரித்தான்' என்றதோடு நிறுத்திக்கொண்டு உட்கார்ந்தாள். எதைப் பார்த்து என்று அந்த இடத்தில் அவள் சொல்லவில்லை. அது டெரிக் ஒருவருக்குத்தான் காதில் விழுந்தது.

கைதட்டல் ஓய்ந்ததும் ரோலண்ட் எழுந்தார். கெண்டல் ஊர்க்காரர், உற்சாகமான மனிதர்.

"டெரிக் அண்ணே, ஒரு கேள்வி. இத்தனை வருஷத்துல நீங்க இதைச் சொல்லவே இல்ல. ஞாயித்துக்கிழமை, உங்க ஏரியா, நாலேகால் மணி. நீங்க பாத்தீங்களா இல்லையா?"

"அவர் அந்த நேரத்துல பஸ் எண்ணிக்கிட்டு இருந்திருப்பார்!" என்றது ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். எல்லா முகமும் திரும்பியது. டோரீன் மட்டும் திரும்பவில்லை. தேநீர்க் கோப்பையின் பிடியை விரலால் தேடிக்கொண்டிருந்தாள்.

டெரிக் எழுந்தார். உண்மை ஒரே வாக்கியம்தான். சொல்லிவிட்டால் அன்று மாலை ரயிலில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டே ஊர் போய்ச் சேரலாம்.

"பாத்தேன்," என்றார்.

"ஆட்டையுமா?"

"ஆட்டையும்."

"எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்கண்ணே! வெள்ளையா, கறுப்பா? அதுக்குத்தான் இங்க ரெண்டு கட்சி!"

டெரிக் டோரீனைப் பார்த்தார். அவள் உதடு அசைந்ததா என்று சொல்ல முடியாது.

"வெள்ளை," என்றார். "மத்தபடி மிஸஸ் ஃபியரன் செஞ்சு காட்டின மாதிரியேதான். அச்சு அசல்."

ஒரு கட்சி கைதட்டியது, மறுகட்சி ஊளையிட்டது. டோரீன் தனக்குப் பக்கத்துக் காலி நாற்காலியிலிருந்து கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"உக்காரு," என்றாள், அவர் பக்கம் பார்க்காமலே.

டெரிக் போய் உட்கார்ந்தார். ரோலண்ட் அடுத்த கேள்விக்குப் போனார். நீதிபதி வளர்த்தது ஒரு கழுதையா, இரண்டா என்பது கேள்வி. தீர்ப்புக்காக எல்லோரும் மறுபடியும் டெரிக்கைத்தான் பார்த்தார்கள்.